அறம் நிலைக்க ஓர் ஆவணம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாமன்னன் முதலாம் இராசராசன் 1010 ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், விளக்கு எரிப்பதற்காக விடப்பட்ட கொடைகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்பது கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு விளக்கிற்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது பொருள்.

ஆடு சாகாமல் இருக்குமா? மூப்படையாமல் இருக்குமா? இருக்காது. ஆயினும் மூத்தவை கழியும்போது குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்ப, மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருக்க வேண்டும். முதல் குறையக் கூடாது, வருவாயிலிருந்தே விளக்கு எரிய வேண்டும் என்னும் நிதி ஒழுங்கை அந்த இரண்டு சொற்களில் முன்னோர் அடக்கிவிட்டனர். கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, பெற்றவர் யார், அவர் செய்ய வேண்டியது என்ன, எத்தனை காலத்திற்கு என்ற ஐந்து செய்திகளும் அக்கல்வெட்டுகளில் உண்டு. காலத்தைக் குறிக்கும் இடத்தில், சந்திரனும் சூரியனும் உள்ள வரையில் என்ற பொருளில் ‘சந்திராதித்தவல்’ என்று எழுதினர்.

இன்று கல்லில் வெட்டுவதில்லை. பத்திரத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பத்திரத்தை எழுதித் தருபவர் வழக்கறிஞர். ஆகவே, அறக்கட்டளை ஒன்றை அமைக்க விரும்பும் ஆலயமோ குடும்பமோ செய்ய வேண்டிய முதற்பணி, தகுந்த வழக்கறிஞரைத் தேடுவதாகும். பணத்தைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையைப் பலர் இந்தத் தேடலில் காட்டுவதில்லை. அதனால் நேரும் துன்பத்தை எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சியை முதலில் காண்போர், பின்னர் கூறப்படும் சட்ட விவரங்களை எளிதில் உணர்வர்.

பாட்டியின் பணம்

இந்நாட்டின் ரப்பர் தோட்டம் ஒன்றில் தோன்றி, பிற்காலத்தில் பக்கத்துச் சிற்றூரின் ஆலயமாக வளர்ந்த அம்மன் கோயில் அது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டியதில்லை. அக்கோயிலின் அடியவர்களுள் ஒரு மூதாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிகாலையில் எழுந்து பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். தம்முடைய ஊழியர் சேமநிதியிலிருந்து 25,000 வெள்ளியை எடுத்து வந்து, தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கென நிர்வாகக் குழுவினரிடம் அம்மன் சந்நிதியில் ஒப்படைத்தார். கையில் மீதமிருந்த 15,000 வெள்ளியையும் அடுத்த ஆண்டு தருவதாக வாக்களித்தார்.

நிர்வாகக் குழுவினர் நல்லவர்கள். ஆயினும் ஆலயத்தின் ஆண்டறிக்கைகள் சங்கப் பதிவிலாகாவுக்குச் சில ஆண்டுகளாக அனுப்பப்படாமல் நின்றிருந்தன. பதவியாளர் பெயர்கள் பதிவாகாததால் வங்கியில் ஆலயக் கணக்கைப் புதுப்பிக்க இயலவில்லை. “தற்காலிகமாக” என்று சொல்லி, அந்த 25,000 வெள்ளியைப் பொருளாளர் தம் சொந்தப் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட்டு வைத்தார். ஒரு காசும் அவர் தொடவில்லை. வட்டிக் கணக்கைக்கூடத் தனி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். மூன்றாம் ஆண்டில் மாரடைப்பால் திடீரெனக் காலமானார். உயில் எழுதியிருக்கவில்லை.

வங்கியின் ஏட்டில் அது பொருளாளரின் பணம். உயில் இன்றி இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, தீபகற்ப மலேசியாவில் 1958 ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி பிரிக்கப்படும். மனைவியும் மக்களும் பெற்றோரும் உள்ளவராயின், மனைவிக்குக் காற்பங்கு, பெற்றோருக்குக் காற்பங்கு, மக்களுக்கு அரைப்பங்கு. கையெழுத்திட்ட சான்று எதுவும் இல்லாத நிலையில், பிள்ளைகளின் படிப்புக்காக மூதாட்டி தந்த பணம், ஏட்டளவில் பொருளாளரின் விதவைக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் வயது முதிர்ந்த தாயாருக்கும் உரிய பங்காகக் கிடந்தது.

விதவையோ பெருந்தகையாளர். “அவர் பெயரில் இருந்தாலும் அது சாமி பணம், எங்களுக்கு வேண்டாம்” என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்லை மட்டும் நம்பி வங்கி பணத்தைக் கொடுத்துவிட முடியாது. மரணமுற்றவரின் சொத்தை நிர்வகிக்கும் ஆணை பெறவும், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் பெறவும், நோட்டுப் புத்தகத்தைக் காட்டி விளக்கவும் 14 மாதங்கள் சென்றன. அந்த இடைக்காலத்தில் உயர்கல்விக்கு இடம் கிடைத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய உதவி நின்றுபோயிற்று. ஒருவனின் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கினார். மற்றவள் அந்த ஆண்டு செல்லவில்லை.

‘சிவன் சொத்து குல நாசம்’ என்பது பழமொழி. ஆலயப் பணத்தைத் தொட அஞ்சும் நல்லோரை அந்தப் பழமொழி காக்கும். ஆனால் நல்லோர் இறந்த பிறகு அந்தப் பணத்தைக் காப்பதற்கு அச்சம் போதாது. ஆவணம் வேண்டும்.

தவறிய இரு முயற்சிகள்

பட்ட பிறகு நிர்வாகக் குழுவினர் அறக்கட்டளை ஒன்றை அமைக்கத் தீர்மானித்தனர். வழக்கறிஞரைத் தேடும் படலம் தொடங்கிற்று.

முதலில் குழு உறுப்பினர் ஒருவரின் உறவினரான இளம் வழக்கறிஞரை நாடினர். சாலை விபத்து வழக்குகளில் நற்பெயர் பெற்றவர். உறவின் பொருட்டு இலவசமாகவே செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அறக்கட்டளைப் பத்திரம் அவர் கைக்குப் பழகாத வேலை. சென்னையிலுள்ள நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பத்திரத்தின் நகலை வரவழைத்து, பெயர்களை மட்டும் மாற்றித் தந்தார். அதில் 1882 ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டம் என்று எழுதியிருந்தது. அச்சட்டம் மலேசியாவில் செல்லாது. இந்தியாவிலேயே பொதுச் சமய அறக்கட்டளைகள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை.

அடுத்து, தரகர் ஒருவர் வந்தார். அவர் வழக்கறிஞர் அல்லர். அறக்கட்டளை, வருமான வரி விலக்கு, நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆகிய மூன்றையும் இரண்டே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். குழுவினர் ஏறக்குறைய இணங்கிவிட்டனர். வருமான வரிச் சட்டம் 1967 இன் 44(6) ஆம் பிரிவின்படி நன்கொடையாளர்க்குக் கழிவு பெறும் தகுதியை வழங்குவது உள்நாட்டு வருமான வரி வாரியம் ஒன்றே. அதற்கெனத் தனி விண்ணப்பமும் நிபந்தனைகளும் உண்டு. இரண்டு வாரத்தில் பெற்றுத் தருவதாக எவரும் உறுதி கூற இயலாது என்பதை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டியதால் அந்த முன்பணம் தப்பியது.

உள்ளூர்ச் சட்டம் அறிந்தவர் ஏன் வேண்டும்?

தமிழகத்துப் பத்திரம் மலேசியாவில் ஏன் பொருந்தாது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு ஆலயங்களுக்கு 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் உண்டு; அறநிலையத் துறை உண்டு. மூர்த்தியையே சொத்துக்கு உரிய சட்டவழி ஆளாகக் கொள்ளும் வழக்கு இந்திய நீதிமன்றங்களில் நிலைபெற்றது. மலேசியாவில் அறக்கட்டளை என்பது பெரும்பாலும் ஆங்கில நியாயநெறிச் சட்டத்தின் வழி வந்தது. 1956 ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும், 1949 ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டமும் அதன் அடிப்படைகள். பினாங்கில் மட்டும், நீரிணைக் குடியேற்றக் காலத்தில் 1905 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி வந்த இந்து அறநிலைய வாரியம், தன் பொறுப்பிலுள்ள கோயில்களையும் சொத்துகளையும் நிர்வகித்து வருகிறது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலான ஆலயங்கள் 1966 ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சங்கங்களாகவே இயங்குகின்றன.

சபா, சரவாக் மாநிலங்களின் நிலை இன்னும் வேறு. ஆங்கு நிலச் சட்டமும் வேறு, வழக்கறிஞர் அமைப்பும் வேறு. தீபகற்பத்தில் தொழில் புரியும் வழக்கறிஞர் அங்கே சென்று அதே உரிமையுடன் தொழில் நடத்த இயலாது. ஆகவே, சொத்து எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தின் சட்டத்தை அறிந்தவரையே நாட வேண்டும்.

சொற்பிழையால் அறம் சிதைந்ததற்குப் பினாங்கிலேயே பழைய சான்று உண்டு. சீனப் பெண்மணி ஒருவர் தம் உயிலில், தமக்கும் தம் கணவருக்கும் என்றென்றும் நீத்தார் வழிபாடு நடைபெறுவதற்காக ஒரு வீட்டை ஒதுக்கியிருந்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அந்த வழிபாட்டால் பயன் பெறுவது ஒரு குடும்பமே அன்றிப் பொதுமக்கள் அல்லர்; ஆகவே அது பொது அறம் ஆகாது; பொது அறம் அல்லாத ஒன்றுக்குச் சொத்தை என்றென்றைக்குமாகக் கட்டிவைக்க இயலாது என்று 1875 இல் தீர்ப்பாயிற்று. அப்பெண்மணியின் பக்தியில் குறையில்லை. நோக்கம் சட்டத்தின் அளவுகோலில் நிற்கவில்லை. தம் பெற்றோரின் திதியை ஆண்டுதோறும் நடத்துவதற்காக நிலத்தையோ கடையையோ நிரந்தரமாக எழுதிவைக்க எண்ணும் பக்தர்கள், இதே ஐயம் தங்கள் கட்டளைக்கும் எழக்கூடும் என்பதை அறிந்து, முன்னதாகவே வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பொது அறம் எது என்பதற்கு 1891 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வகுத்த நான்கு வகைகள் மலேசிய நீதிமன்றங்களிலும் பின்பற்றப்படுகின்றன. வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமுதாயத்துக்கு நன்மை தரும் பிற பணிகள் என்பன அவை. மூதாட்டியின் கொடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைச் சரியான சொற்களில் அமைப்பதே வேலை.

வழக்கறிஞர் கேட்ட கேள்விகள்

மூன்றாவது முயற்சியில், மாவட்டத் தலைநகரில் தொழில் புரியும் பெண் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டனர். உயில், நிலமாற்றம், அறக்கட்டளை ஆகியவையே அவருடைய அன்றாட வேலை. தலைவரும் செயலாளரும் முதல் நாள் சென்றபோது அவர் பத்திரம் எதையும் எடுக்கவில்லை. கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

பயன் பெறுபவர் யார்? தேர்ந்தெடுப்பது யார், எந்த அளவுகோலால்? முதலைத் தொடலாமா, வட்டியை மட்டும் செலவிட வேண்டுமா? அறங்காவலர் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள்? ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை நியமிப்பது யார்? கணக்கைத் தணிக்கை செய்வது யார், யாரிடம் காட்டுவது? நோக்கம் நிறைவேற்ற இயலாமற் போனால் பணம் எங்கே போவது?

இந்த ஏழு கேள்விகளுக்கு விடை காண நிர்வாகக் குழு நான்கு முறை கூடிற்று. மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது அறங்காவலர் பதவிக்காலம் பற்றிய கேள்வியே. முன்னாளில் தோட்டத்தில் கிராணியாக இருந்த தலைவர், தம் வாழ்நாள் முழுவதும் தாமே அறங்காவலராக இருப்பது முறை என்று கருதினார். ஆலயத்துக்கு அவர் உழைத்த உழைப்பை அறிந்தவர்கள் மறுத்துப் பேசத் தயங்கினர்.

வழக்கறிஞர் அவரிடம் பணிவோடு கேட்டார்: “ஐயா, உங்களுக்குப் பிறகு இந்தப் பதவிக்கு வருபவர் உங்களைப் போலவே இருப்பார் என்று உறுதி சொல்வீர்களா? இந்தப் பத்திரத்தை உங்களுக்காக எழுதவில்லை. இன்னும் பிறக்காத ஒருவருக்காக எழுதுகிறோம்.”

பொது அறக்கட்டளையின் அறங்காவலர் தவறு செய்தால் என்ன வழி என்பதையும் அவர் விளக்கினார். 1956 ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, சட்டத்துறைத் தலைவரோ, அவருடைய எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்று அந்த அறத்தில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரோ வழக்குத் தொடுக்கலாம். சிற்றூர்ப் பக்தர்களுக்கு அது நெடிய வழி. ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் கடமையும், தவறியவரை நீக்கும் விதியும் பத்திரத்திலேயே இருந்தால் அந்த நெடிய வழியில் செல்லும் தேவை குறையும். தலைவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மூன்றாண்டுப் பதவிக்காலத்துக்கு இசைந்து, அதை முன்மொழிபவராகத் தம் பெயரையே எழுதச் சொன்னார்.

அடுத்து அவர் மூதாட்டியைப் பார்க்க விரும்பினார். பாட்டியால் நகரத்துக்குப் பயணம் செய்ய இயலாது என்றதும் தாமே ஆலயத்துக்கு வந்தார். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லி, பாட்டியுடன் தனியே அரை மணி நேரம் பேசினார். தாம் நிர்வாகக் குழுவின் வழக்கறிஞர் என்பதையும், பாட்டி விரும்பினால் தமக்கென வேறொரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்தினார். வாக்களித்த 15,000 வெள்ளியையும் கொடுத்துவிட்டால் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, பாட்டி “அம்மன் பார்த்துக்கொள்வாள்” என்றார். அந்தப் பணம் பாட்டியிடமே இருக்கட்டும் என்று வழக்கறிஞர் குழுவினரிடம் தெரிவித்தார்.

நிதி குறைகிறதே என்று சிலர் முகம் சுளித்தனர். கொடுப்பவரை வறியவராக்கிப் பெறும் கொடையை ஆலயம் ஏற்கலாமா என்று அவர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது கொடுப்பவர்க்கு மட்டும் உரிய அறிவுரை அன்று, வாங்குபவர்க்கும் உரியது.

எஞ்சியிருந்தது கடைசிக் கேள்வி. மூதாட்டியின் விருப்பம் “எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு” என்பதே. அப்படியே எழுதிவிடக் குழுவினர் முடிவு செய்திருந்தனர்.

“பாட்டி, தோட்டத்தை விற்றுவிட்டால்? வீடுகளை உடைத்துவிட்டால்?” என்றார் வழக்கறிஞர்.

இந்நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் அவ்வாறு மறைந்திருக்கின்றன என்பது அங்கிருந்தோர் அனைவரும் அறிந்ததே. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. பள்ளிகளும் இடம் மாறின.

பாட்டி நெடுநேரம் யோசிக்கவில்லை. “தோட்டம் போனால் போகட்டும் அம்மா. பிள்ளைகள் எங்கேயாவது இருக்குமே, அதுகள் படிக்கட்டும்” என்றார்.

அந்த விடையே பத்திரத்தின் உயிர்நாடி ஆயிற்று. முதலில் அத்தோட்டத்திலும் அதனைச் சார்ந்த சிற்றூரிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள். அத்தகையோர் இல்லாதபோது அம்மாவட்டத்தில் தமிழ்ப்பள்ளியில் பயின்ற, வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்று எழுதப்பட்டது. அவ்வாறு எழுதாமல் விட்டிருந்தால், மூல நோக்கத்துக்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தருமாறு நீதிமன்றத்தை நாட வேண்டி வந்திருக்கும். அதற்கும் செலவு உண்டு. அச்செலவும் பிள்ளைகளின் பணமே.

எந்த வடிவம் ஏற்றது?

அறக்கட்டளை என்றவுடன் ‘யாயாசான்’ என்ற பெயர்ப்பலகையை மனத்தில் கொள்வோர் உண்டு. வழிகள் பல. அறங்காவலர்களைப் பெயர் குறித்து நியமிக்கும் பத்திரம் முதலாவது. அவ்வாறு அமைந்த அறங்காவலர் குழுவை, பிரதமர் துறையின் சட்ட விவகாரப் பிரிவு வழியாக 1952 ஆம் ஆண்டு அறங்காவலர் கூட்டமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது இரண்டாவது. அப்போது ஆட்கள் மாறினாலும் அமைப்பு மாறாது. அதற்கெனப் பொதுமுத்திரை உண்டு. சொத்து அமைப்பின் பெயரிலேயே நிற்கும். 2016 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ், இலாபம் பங்கிடாத உத்தரவாத நிறுவனமாக அமைப்பது மூன்றாவது.

மூன்றாவது வழி பெரிய நிதிகளுக்கு ஏற்றது. 25,000 வெள்ளி ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் ஈட்டினால் கிடைப்பது 1,000 வெள்ளி. நிறுவனமாக்கினால் செயலாளர் கட்டணமும் தணிக்கைக் கட்டணமும் அதை விழுங்கிவிடும். ஆதலால், முதலில் ஆலயத்தின் ஆண்டறிக்கைகளைச் செம்மைப்படுத்துக. எளிய பத்திரம் ஒன்றை எழுதுக. நிதி வளர்ந்த பின்னர் 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்க என்பதே அந்த வழக்கறிஞரின் ஆலோசனை. தமக்கு அதிகக் கட்டணம் தரும் வழியை அவர் காட்டவில்லை. நல்ல வழக்கறிஞரை அறிந்துகொள்ளும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று.

நிலம் அறக்கட்டளைக்கு வருமாயின் கூடுதல் கவனம் தேவை. தேசிய நிலச் சட்டத்தின் 344 ஆம் பிரிவின்படி, உரிமையாளரை ‘அறங்காவலர்’ என்று குறித்துப் பதிவு செய்ய இடமுண்டு. அக்குறிப்பு இல்லாமல் தனியொருவர் பெயரில் மட்டும் நிற்கும் நிலம், பொருளாளர் பெயரில் நின்ற வைப்புத் தொகையைப் போன்றதே.

தேர்ந்தெடுக்கும் முறை

வழக்கறிஞரைத் தேடும் ஆலயத்தாரும் குடும்பத்தாரும் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

தீபகற்ப மலேசியாவில் தொழில் புரியும் வழக்கறிஞர், 1976 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் தொழிற்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் நடப்பாண்டில் தொழில் புரியும் தகுதியுடையவரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம். இது அவமதிப்பு அன்று. தங்க நகையை உரைத்துப் பார்த்து வாங்குவதை நகைக்கடைக்காரர் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

அடுத்து, அறக்கட்டளைப் பத்திரம் எழுதிய அனுபவம் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கண் மருத்துவரிடம் பல்லைக் காட்டுவார் இல்லை. குற்றவியல் வழக்கில் புகழ் பெற்றவர் என்பதற்காக அறக்கட்டளை வேலையை அவரிடம் ஒப்படைப்பதும் அது போன்றதே. இரண்டு மூன்று பேரைக் கண்டு பேசிய பின்னரே முடிவு செய்வது நலம். முன்பு அறக்கட்டளை அமைத்த பிற ஆலயங்களையும் கல்வி அமைப்புகளையும் கேட்டறியலாம்.

கட்டணத்தை எழுத்தில் பெற வேண்டும். பத்திரம் எழுதும் கூலி எவ்வளவு, முத்திரைத் தீர்வை, பதிவு முதலிய வெளிச்செலவு எவ்வளவு, எந்தெந்தப் பணி அதில் அடங்கும் என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். ஆலயத்தின் பணம் வழக்கறிஞரிடம் கொடுக்கப்படுமாயின், அது அவருடைய சொந்தக் கணக்கில் அன்றிக் கட்சிக்காரர் கணக்கில் சேர வேண்டும், பற்றுச்சீட்டும் வேண்டும். கையெழுத்தான பத்திரத்துக்கு 30 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

ஆலயத்தின் அடியவரான வழக்கறிஞர் இலவசமாகச் செய்ய முன்வந்தால் அது போற்றுதற்குரியது. ஆயினும் இலவசம் என்பதால் கேள்வி கேட்கக் கூச்சப்படுவதும், மாதக்கணக்கில் காத்திருப்பதும் முறையாகா. அவருக்கும் முறையான கடிதம் கொடுத்து, முறையான விடை பெற வேண்டும். அவரே அறங்காவலராகவும் அமர விரும்பினால், எழுதுபவரும் ஏற்பவரும் ஒருவராக இருப்பதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது மொழி. பத்திரம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். கொடை தருபவர் அந்த மொழியை அறியாதவராயின், ஒவ்வொரு விதியையும் தமிழில் விளக்கிய பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வாறு விளக்கப்பட்டது என்பதைப் பத்திரத்திலேயே குறிக்கச் செய்ய வேண்டும். விளங்காமல் இடும் கையெழுத்து கொடுத்தவரையும் காக்காது, அறத்தையும் காக்காது.

நிறைவாக

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்தப் பத்திரம் தமிழில் வாசிக்கப்பட்டது. மூதாட்டி முன்வரிசையில் அமர்ந்து கேட்டார். கையெழுத்திடும் நேரம் வந்தபோது, எழுதத் தெரியாத அவர் இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பதித்தார். மறைந்த பொருளாளரின் விதவை சாட்சியாகக் கையெழுத்திட்டார். பொருளாளர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகமும், அவர் சேர்த்து வைத்த வட்டியுடன் கூடிய தொகையும் அன்று அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த ஆண்டு செல்லாமல் நின்றுபோன மாணவியின் பெயர், முதல் பட்டியலில் முதலாவதாக இருந்தது. வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த பக்தர்களுள் சிலர் அன்றே தங்கள் பெயரிலும் நிதி சேர்த்தனர். விதி தெளிவானதும் கை தானே நீண்டது.

ஆங்கிலேயர் இந்த அமைப்புக்கு நம்பிக்கை என்னும் பொருள்படும் சொல்லால் பெயரிட்டனர். தமிழர் கட்டளை என்றனர். நம்பிக்கை மனிதர்மீது வைக்கப்படுவது. கட்டளை மனிதர்களுக்கு இடப்படுவது. அந்த ஆலயத்தில் நம்பிக்கைக்குக் குறைவில்லை. பொருளாளர் நேர்மையானவர், விதவை நேர்மையானவர், தலைவர் நேர்மையானவர். கட்டளை எழுதப்படாத ஒரே குறையால் ஒரு மாணவியின் ஓராண்டு கழிந்தது.

கல்வெட்டில் கொடையைப் பொறித்த முன்னோர், இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் என்று முடித்தனர். அறம் செய்தவர் பணிவது, அதை அழியாமல் காக்க வரும் பிற்காலத்தாரை. தகுந்த வழக்கறிஞரைத் தேடிக் கண்டு, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, எழுத வேண்டியவற்றை எழுதி வைக்கும் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் அந்த வணக்கத்துக்கு உரியது.